புள்ளிக்கும் கணக்கு வைத்தவருக்கு

அன்று மாலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐவர். திட்ட நல்கைப் பிரிவின் அலுவலரான தாங்கள். தங்கள் தங்கையான, உடைந்த ஓடுகளைச் சுவரில் பதிக்கும் சித்திரக் கலைஞர். சுரங்க நடைபாதைக் கடைக்காரர்கள் சார்பில் வந்த சாவிக்காரர். பணியில் சேர்ந்து நாற்பது நாளே ஆகியிருந்த உதவியாளர். பதிவறையைக் கவனித்தவரும் இம்மடலை எழுதியவருமான மூத்தவர். ஐவரும் இன்று இந்தப் பணிநிறைவு விழா மண்டபத்தில் இருக்கிறோம். சொல்வதில் பிழை இருந்தால் எவரும் எழுந்து மறுக்கலாம்.

முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் பிரிவின் கண்ணியம் காத்த காவலரே! கடைசித் தேதிக்குக் கட்டுப்பட்டவரே! காற்புள்ளிக்கும் கண் வைத்தவரே! அன்புக்குரிய மேடம் அவர்களே! வணக்கம்.

நெடிய வாக்கியங்களில் புகழ்வது இவ்வகை மடலுக்கு அழகு. ஆனால் நெடிய வாக்கியத்தைக் கண்டால் தாங்கள் பென்சிலை எடுத்துவிடுவீர்கள். நேருக்கு நேர் புகழ்ந்தாலோ நாற்காலிகளை வரிசைப்படுத்தக் கிளம்பிவிடுவீர்கள். ஆகவே வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல, ஒரே ஒரு மாலையை மட்டும் சொல்கிறோம்.

பொது இடங்களில் கலைப்பணி செய்வதற்கான நல்கையை, அதாவது நிதியுதவியை, தனிக் கலைஞர் நேரடியாகக் கேட்க முடியாது; ஒரு பல்கலைக்கழகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தும் உரிமை எங்கள் பிரிவில் மேடம் ஒருவருக்கே. அதற்கு முன் ஒவ்வொரு கலைஞரையும் எதிரில் உட்காரவைத்து அரைமணி நேரம் பேசுவார். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். "கணினி நம்மள மாதிரி எழுத்து எண்ணாது. நமக்கு 'ம்' ஒரு எழுத்து, அதுக்கு ரெண்டு. புள்ளியைத் தனியா எண்ணும்." அதனால் அவருக்குப் 'புள்ளி மேடம்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும், தெரியாததுபோல் இருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கை விண்ணப்பித்தார். இரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே உள்ள சுரங்க நடைபாதையின் சுவர்களில், அதில் நடப்பவர்கள் கொண்டுவந்து தரும் உடைந்த பீங்கானைப் பதித்துச் சித்திரம் செய்வது திட்டம். அங்கே செருப்புத் தைப்பவர், கண்ணாடி விற்பவர், சாவி வெட்டுபவர் என்று பதினொரு கடைகள். அவர்களின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது. சாவிக்காரர்தான் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்திருந்தார்.

தங்கை என்பதாலேயே மேடம் அந்தக் கோப்பைத் தொடவில்லை. புதிய உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டும் இரண்டு மாதம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தங்கை பேச்செடுத்தால், "தண்ணி எடு" என்பார். அந்த இரண்டு மாதத்தில் தங்கை எடுத்து வைத்த தண்ணீருக்கு அளவில்லை.

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். நாலு முப்பத்தாறுக்கு உதவியாளர் அச்சிட்ட படியைச் சாவிக்காரரிடம் கொடுத்தார். அவர் திட்டச் சுருக்கத்தின் கடைசி வரியை உரக்கப் படித்தார்.

"'கடைக்காரர்கள் பதினொருவரையும் அப்புறப்படுத்துவோம்.' ரொம்ப நல்லா இருக்குங்க. இதுக்கா நான் கடை கடையா ஏறி இறங்கினேன்?"

"ஐயோ அண்ணே, நான் அப்படி எழுதலண்ணே! 'அப்புறப்படுத்துவோம் என்ற அச்சத்துக்கு இடமில்லை'ன்னு எழுதினேன்!" என்று பதறினார் தங்கை.

"இடமில்லைன்னு எங்களுக்குத்தானே சொல்றீங்க?"

சாவிக்காரர் மேசைமேல் இருந்த ஒப்புதல் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சுருக்கத்துக்கு அறுநூறு எழுத்து இடம். தங்கை விரல்விட்டு எண்ணி, நானூற்றுச் சொச்சம்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். கணினியோ புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி, அறுநூறு ஆனதும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வால் போனதும் வாக்குறுதி மிரட்டலாகிவிட்டது.

"புள்ளியை எண்ணும்னு எனக்கு யாரும் சொல்லல மேடம்," என்றார் உதவியாளர்.

மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டில் எதிரில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் சொன்னதை ஒருத்திக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார், கூடப்பிறந்தவள் என்பதற்காக. இப்போது வாய் திறந்தால், தங்கைக்குச் சலுகை காட்டினாள் என்பார்கள். திறக்காவிட்டால், உரிமையுள்ள ஒரு விண்ணப்பதாரர் எங்கள் பிரிவின் பிழையால் தோற்றுப்போவார். பதினொரு பேர் காலத்துக்கும் எங்களை நம்பமாட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தொன்று.

எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்துவைத்தார். விசைப்பலகையைத் தங்கை பக்கம் தள்ளினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மத்தவங்களுக்கு அரைமணி. உனக்கு அவ்வளவு நேரம் இல்ல. புள்ளிக்கும் கணக்கு உண்டு. நீட்டாதே. 'இல்லை'யைக் கடைசியில நம்பி வைக்காதே."

"எப்படி எழுதணும்னு நீயே சொல்லேன்க்கா..."

"இங்க அக்கா யாரும் இல்ல. விண்ணப்பதாரர் தட்டுங்க."

"பாவம், அந்தப் பொண்ணை ஏன் இப்படி விரட்டறீங்க?" என்றார் சாவிக்காரர். சொன்னாரே தவிர, கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

தங்கை எழுதினார், அழித்தார். மறுபடியும் எழுதியது மறுபடியும் பாதியில் வெட்டுப்பட்டது. நாலு நாற்பத்தொன்பது. உதவியாளர் நகத்தைக் கடித்தார். பதிவறைக்காரர் முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். மேடத்தின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. தெரிந்த பதிலைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவர் முகத்தில் பார்த்தோம். நாலு ஐம்பத்திரண்டு. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது:

'பதினொரு கடைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.'

அதில் 'இல்லை' என்பதே இல்லை. தங்கை தட்டினார். ஒன்பது எழுத்து மிச்சம் காட்டியது. புதிய படி அச்சாகி வந்ததும் சாவிக்காரர் வரிக்கடியில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு கடிதத்தை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, மேசைமேல் வைத்தார். பதிவறைக்காரர் முத்திரை குத்தினார். உதவியாளர் கடிதத்தைப் படமெடுத்துச் சேர்த்தார். மேடம் அப்போதுதான் கைகளை அவிழ்த்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு ஒப்புகை வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து, தம் கையால் எழுதினார்: 'இவ்விண்ணப்பதாரருக்கு உரிய அறிவுரை உரிய காலத்தில் தரப்படவில்லை. பொறுப்பு என்னுடையது.' அந்தத் தாள் இன்றும் பதிவறையில் இருக்கிறது.

நல்கை கிடைத்தது, சித்திரமும் முடிந்தது. கடைகள் பதினொன்றும் அங்கேயே இருக்கின்றன. சாவிக்கடைக்கு மேலே சுவரிலிருந்து ஒரு கோப்பையின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சாவிக்காரர் ஒரு பூட்டை மாட்டிவைத்திருக்கிறார்.

மேடம் அவர்களே! இனி எந்த ஐந்து மணியும் துரத்தாமல், நோய் நொடி அண்டாமல், நீண்ட காலம் நிம்மதியாக வாழுங்கள். சாப்பாட்டு மேசையில் தங்கையோடு எதை வேண்டுமானாலும் பேசுங்கள். தண்ணீரை அவர் வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கண்டிப்பில் வளர்ந்த
திட்ட நல்கைப் பிரிவுப் பணியாளர்கள்

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் ஒன்று. இந்தப் பிரிவின் நற்பெயர் எங்களுக்குக் குடும்பப் பெயர் மாதிரி. அந்த வாக்கியத்தை அக்காவே தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று ஆறு ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் பேச்சு உண்டு. அது பொய். சொன்னவர் சாவிக்காரர்.