மகளுக்குத் திருச்செவி, இளவரசிக்குக் காது

வணங்குதற்குரிய விகாரைத் துறவிகளே! நான் நீட்டி முழக்கினால் விசிறியை ஆட்டி நிறுத்திவிடுவதாக முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் வட்டாரத் தலைவர் இன்கேவ் அவர்களே! மலையிறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பசையரிசியில் வேகவைத்த ஒட்டுச்சோற்றுக் கூடையும் மறு கையில் பிள்ளையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கைகூப்பி, தலைதாழ்த்தி வணக்கம்.

இன்று நம் இளவரசி ரத்தனப்ரபாவுக்கு எழுபத்திரண்டு வயது நிறைகிறது. மாளிகையில் பிறந்தவர், மலையைத் தேடி வந்தார். மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு, மழையிலும் வந்தார், மண் சரிந்தபோதும் வந்தார். எதற்காக வந்தார்? மாலை வாங்கவா? மண்டியிட்டு நாம் வணங்குவதைப் பார்க்கவா? இல்லை. நம் வலியைக் கேட்க வந்தார். அந்த வலியை நாம் சொன்னோமா?

சொல்லவில்லை! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் முதன்முதலாக இந்த ஹுவாய்லா ஊருக்கு வந்தபோது நான் இங்கே புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. முந்தைய நாள், உதவி மாவட்ட அதிகாரி ஒருவர் ஊரையே பள்ளித் திடலில் உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார். "அரச குடும்பத்துக்கிட்ட அரண்மனைச் சொல்லுலதான் பேசணும். கைன்னு சொல்லாதீங்க, திருக்கரம். காதுன்னு சொல்லாதீங்க, திருச்செவி. வரலைன்னா வாயையே திறக்காதீங்க!"

"அப்போ பல்லுவலிக்காரன் என்னங்கய்யா பண்றது?" என்று கேட்டார் ஒருவர்.

ஆமாம், சிரியுங்கள். கேட்டவர் இதோ இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒருத்தி இருந்தாள். பெயர் ஸெங்லா. மடியில் ஆறு வயது மகள் கம்பாய். பிள்ளையின் காதில் சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம், உடம்பெல்லாம் அனல். இளவரசியோடு வரும் மருத்துவர்கள் மாலையில் போய்விடுவார்கள். திரும்பி வர ஓராண்டாகும். அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு ஏது? அதனால் ஸெங்லா பள்ளிச் சுவரோரம் நின்று திருச்செவி, திருமேனி, திருச்செவி, திருமேனி என்று முணுமுணுத்துப் படித்தாள்.

மறுநாள் இளவரசி, ஊரார் உட்கார்ந்திருந்த பாய்களின் ஓரமாக நடந்து வந்தார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றார். "நலமே!" என்று ஊரே ஒரே குரலில் பொய் சொன்னது. மூட்டுவலிக்காரர் சொன்னார், மூச்சிரைப்புக்காரர் சொன்னார், பல்லுவலிக்காரரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். இளவரசி அடுத்த பாய்க்குத் திரும்பினார்.

அப்போது எழுந்தது ஒரு தாயின் குரல். "என் மகளோட திருச்செவியில சீழுங்க! திருமேனி கொதிக்குதுங்க!"

அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. அரச உடலுக்கு மட்டுமே உரிய சொற்களை அவள் தன் மகளுக்குச் சூட்டிவிட்டாள்! இளவரசிக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து, "என்னம்மா சொன்னீங்க?" என்றார்.

பதற்றத்தில் ஸெங்லாவுக்குப் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. "அட, உங்க காதுல விழலையா?" என்று கேட்டேவிட்டாள்.

இளவரசி அப்படியே பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் காது நல்லாத்தான் கேக்குது. உங்க வீட்டுத் திருச்செவியைக் காட்டுங்க, பாப்போம்."

மருத்துவர் பார்த்தார். நோய் எலும்புவரை போயிருந்தது. அன்றே நகரத்து மருத்துவமனைக்குப் போயாக வேண்டும் என்றார். மலைப்பாதையில் ஜீப் போய்ச் சேர விடிந்துவிடும். திடலில் நின்றதோ இளவரசியின் ஹெலிகாப்டர் ஒன்றே.

"இதுல பிள்ளையை ஏத்துங்க" என்றார் இளவரசி.

"முறைப்படி அது..." என்று இழுத்தார் அதிகாரி.

"எனக்குக் காதுவலி இல்லையே. நான் ஜீப்புல வர்றேன். ஜீப் வர்றதுக்குள்ள யாராச்சும் எனக்குச் சோறு போடுங்க, பசிக்குது."

கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள்! அவர் இந்த ஊரில் ஒட்டுச்சோறும் மிளகாய்த் துவையலும் தின்று, காரம் தாங்காமல் நாலு குவளைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஸெங்லாவின் மகள் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். பிழைத்தாள். கேட்கும் திறனோடு பிழைத்தாள். அதோ, இந்த மேடைக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு, "சத்தம் பத்தலை டீச்சர்" என்று சைகை காட்டுகிறாளே, அவள்தான் கம்பாய்!

அன்றுமுதல் இளவரசியின் மருத்துவ முகாம்களில் ஒரே கட்டளை: வலியை அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். எனக்கு மரியாதை பிடிக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தே வயதாகிவிட்டது எனக்கு. ஆனால் வலிப்பவர் வாயை மூடுவதற்குப் பெயர் மரியாதையா? கேட்க வந்தவரைக் கேட்க விடாமல் அனுப்புவதற்குப் பெயர் வணக்கமா? ஸெங்லா உண்மையைச் சொன்னாளே, அதுவல்லவா அவருக்கு இந்த ஊர் செய்த மரியாதை!

தலைவர் விசிறியைக் கையில் எடுத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். அந்த வெள்ளைக் கூடாரத்தில் இளவரசி அனுப்பிய மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். காலையிலிருந்து உங்களில் பலர் அவர்களிடம் "நலமே" என்று சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்தேன். அம்மா, அந்த இருமலோடு எங்கே போகிறீர்கள்? ஐயா, நொண்டிக்கொண்டே எனக்குக் கைதட்டினால் போதுமா? எழுந்திருங்கள்! போய்ச் சொல்லுங்கள்! பிறந்தநாள் பரிசாக அவர் நம்மிடம் கேட்பது அது ஒன்றைத்தான்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, எல்லாம் திருச்செவிகளே! வணக்கம்.