நான்கு விரல்களுக்கு எந்த மரம்?

அறிவால் உயர்ந்து நாற்காலியாலும் உயர்ந்து வீற்றிருக்கும் தலைவர் பேராசிரியர் அம்மா அவர்களே! கண்காட்சியைக் கண்ணும் கருத்துமாய் அமைத்த ஆசிரியத் தம்பி அவர்களே! முன்வரிசையை முந்திக்கொண்டு பிடித்த மூத்தவர்களே! மடியில் பிள்ளையும் தோளில் பையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள்தானே, சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று நம்பி அமர்ந்திருக்கும் நல்லவர்களே! உங்கள் நம்பிக்கை வீண். வணக்கம்.

பேச்சுக்கு முன் பெருமை. என் பேரன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்து நெடுங்கட்டடங்கள் எல்லாம் அவன் விரலசைவில் ஏறி இறங்குகின்றன. அவன் மனைவி முப்பது வயதுக்குள் தலைமை நர்ஸ். என் பேத்தி பதினாறு சக்கர லாரியைப் பின்பக்கமாகவே தெருமுனை திருப்புவாள். அவள் கணவர் சென்ற மாதம் இரண்டாவது ரொட்டிக்கடை திறந்தார். பேரனின் மகள், என் கொள்ளுப்பேத்தி, ஒன்றரை வயதில் தன் செருப்பைத் தானே கழற்றுகிறாள்! என்ன, மாட்டத் தெரியுமா என்கிறீர்களா? கழற்றுவதே சாதனை ஐயா. இன்று காலை எனக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இந்த ஐவரோடு என்னையும் நிற்கவைத்துப் போன வாரம் ஒரு படம் எடுத்தார் ஆசிரியத் தம்பி. எதற்கு? நம் வட்டாரத்தில் எத்தனை இனங்கள், எத்தனை மொழிகள்! மலையில் ஒரு மொழி, கரையில் ஒரு மொழி, சமவெளியில் ஒரு மொழி, தீவுக்குத் தீவு ஒரு மொழி! எது எதற்கு உறவு என்று சுவரெங்கும் மரம் மரமாக வரைந்து, பேசுகிறவர் முகத்தை அந்தந்தக் கிளையில் ஒட்டும் கண்காட்சி. நாளை ஊருக்கெல்லாம் திறப்பு; இன்று படம் கொடுத்த நமக்கு மட்டும் இந்தக் கூட்டம்.

நேற்று மாலை, பேரன் மனைவியோடு பார்க்க வந்தேன். என்ன கண்டேன்? குடும்பப் படத்தைக் கத்தரித்திருக்கிறார்கள்! நான் கிழக்குச் சுவரில். பக்கத்தில் யார்? ஆறு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மூன்றாவது மாடி அக்கா! ஒரே மொழியாம், ஒரே கிளையாம். "தம்பி, வேற மரத்துல எடம் காலி இருக்கா?" என்று கேட்டேன். சிரிக்காதே அக்கா, உன்னைத்தான் சொல்கிறேன். நல்லவேளை, என் படம்தான் மேலே இருக்கிறது.

ரொட்டிக்கடை மாப்பிள்ளை எங்கே? தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், தன்னந்தனியாக. அவருடைய மலைமொழிக்கு உலகத்திலேயே உறவுமொழி கிடையாதாம்.

"என்ன தம்பி, இவரு கல்யாணத்துக்கு அத்தை, சித்தி, மாமான்னு ரெண்டு பஸ் ஆளுங்க வந்து எறங்கினாங்களே! எனக்கே உட்கார எடமில்லையே!"

"அது மனுஷங்க பாட்டி. நான் சொல்றது மொழி."

எனக்கு விளங்கியது, விளங்காத மாதிரியும் இருந்தது. என் படிப்பு அந்த இடத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடும்.

குழந்தை எந்த மரத்திலும் இல்லை. கதவுக்குப் பின்னால் 'வகைப்படுத்தப்படாதவர்' என்று ஓர் அட்டை, அதில் இருந்தாள்.

"பாப்பா எந்த மொழியில பேசுது பாட்டி?"

"அது எங்க பேசுது தம்பி? கத்துது."

"எந்த மொழியில?"

"பசியில!"

கைதட்டாதீர்கள். இனிமேல் சிரிப்பு வராது. அருகில் போய்ப் பார்த்தேன். குழந்தையின் சட்டையில் நான்கு விரல்கள். விரலுக்குக் கை இல்லை. கைக்கு ஆள் இல்லை. தாய் மேற்குச் சுவரில், தன் மொழி மரத்தில், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நிற்கிறாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்டும் கை நடுங்காத என் பேரன் மனைவி, அந்த அட்டையைத் தொட்டாள். "பாட்டி, இது என் கை" என்றாள். போனை எடுத்து, "அம்மாவ திறப்புக்கு வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

அவள் தாய் யார்? 'வேற இனம், வேற மொழி, என் பொண்ணு அங்க யாரோவாத்தான் இருப்பா' என்று கல்யாணத்துக்கே வராதவர். இப்போது மனம் இளகி, எல்லை தாண்டி ரயிலேறிவிட்டார். வந்து இந்தச் சுவரில் எதைப் பார்ப்பார்? தான் பயந்ததைத்தானே பார்ப்பார்?

மரங்கள் பொய்யா? இல்லை. தம்பி படித்தவர், பாடுபட்டவர்; வரைந்ததெல்லாம் மெய். சொல்லுக்கு வேர் உண்டு, கிளை உண்டு. ஆனால் எங்கள் சமையலறையில் எந்த மரம் நிற்கிறது? நான்கு வருடத்தில் அவள் என் மொழியைக் கோபத்தோடும் கொஞ்சலோடும் கற்றுக்கொண்டாள். நான் அவள் மொழியில் மூன்று செய்தி கற்றேன்: வா, சாப்பிடு, என் மாத்திரை எங்கே? இந்த மேதைதான் மொழிகளைப் பற்றி மேடையேறியிருக்கிறேன்!

கேட்கிறேன், உங்களில் எத்தனை வீட்டில் கத்தரி விழுந்தது? கையைத் தூக்குங்கள்! அடேயப்பா, பின்வரிசை முழுவதுமா! தலைவர் அம்மா, நீங்களுமா?

"எங்க வீட்டுக்காரர் படம் ஜன்னலோர மரத்துல இருக்கு பாட்டி!"

கேட்டீர்களா? சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், சொந்தங்களைப் பிரிக்காதீர்கள்! கிளைகளைக் காட்டுங்கள், கைகளை வெட்டாதீர்கள்! எந்த மரத்தையும் எடுக்கச் சொல்லவில்லை. மரங்களுக்கு நடுவே வெறுஞ்சுவர் நிறையவே கிடக்கிறது.

என் பேச்சைத் தாங்கிய காதுகளுக்கு நன்றி. எல்லா மரத்து மக்களுக்கும் என் வணக்கம். தம்பி, காலையில் ரயில் வந்துவிடும். அதற்கப்புறம்தான் கதவு திறக்கிறீர்கள். நடுவே கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சம்பந்தியம்மாவையும் சேர்த்து நிற்கவைத்துப் புதுப்படம் ஒன்று எடுத்து, அந்த வெறுஞ்சுவரில் வெட்டாமல் ஒட்டிவிடுங்கள்.