விலை பேசிய படகை எடுத்துச் சென்றது குறித்து

என் பெயர் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடிதான், ஆனால் படகுத்துறையில் டைலரக்கா என்று கேட்டால்தான் தெரியும். வயது நாற்பத்து நான்கு. ஐஸ் ஆலைக்குப் பின்னால் உள்ள சந்தில், கடைசி வீட்டின் மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். கீழ் அறையில் தையல் மெஷின் போட்டு, படகுகளுக்கு இருக்கை உறையும் கூரைத் துணியும் தைத்துக் கொடுப்பது என் தொழில். என் கணவர் அக்கரையில் உள்ள தொழிற்சாலைகளுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டி வந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. கேட்கப்பட்டதால் இதைச் சொல்கிறேன்.

மேற்படி படகை எங்களுக்குத் திருமணமான வருடம் வாங்கினோம். அதன் உறைகள், கூரை, மழை மறைப்பு எல்லாம் நான் தைத்தவை. சுக்கானைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன், கையில் கிரீஸ் ஒட்டும், நீ உட்கார் என்றார். பிறகு ஒரு முறை கேட்டபோது ஆட்கள் இருக்கிறார்கள் என்றார், ஆட்கள் இல்லாத நாளில் கேட்டபோது காற்று சரியில்லை என்றார். ஒரு நாளும் கடிந்து சொன்னதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வார், அதனால் நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. இனிமேல் சுக்கான் பிடித்தால் கை தூக்கவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு படகை விற்பது என்று முடிவு செய்து, இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் தரகரிடம் சென்றோம். தரகரின் அறை துறை வாசலில், மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே இருக்கிறது. சுவரெங்கும் படகுகளின் போட்டோக்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆணி, ஆணியில் சாவி. தரகர் வாயாலேயே பந்தல் போடுகிறவர். வருகிறவர்கள் குறை சொல்லத்தான் செய்வார்கள், காது ஒன்றை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று என் கணவரிடம் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் படகைக் காலால் தட்டிப் பார்த்தார், அவரை என் கணவர் அப்போதே இறக்கிவிட்டார். இன்னொருவர் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். நான் ஓட்டிக் காட்டுகிறேன், நீங்கள் பாருங்கள் என்று சொல்லி, தோள் வலியோடு தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். யாரையும் சுக்கானில் கை வைக்க விடவில்லை. இதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு தரகர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவர் வேறு துறையில் இழுவைப் படகு ஓட்டியவர் என்பதால் எல்லோரும் கேப்டனம்மா என்கிறார்கள். அன்று நான் படகில் உட்கார்ந்து கிழிந்த உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். மேற்படி கேப்டனம்மா பெயிண்டைப் பார்க்கவில்லை, உறையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அடிப்பலகையைத் தூக்கி, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரில் கையை விட்டு மோந்து பார்த்தார். அதைக் கண்டதும் என் கணவரின் முகம் மாறிய விதத்தை நான் பார்த்தேன். அதன் பிறகு யாரும் கேட்காமலேயே, "நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கம்மா" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

படகு துறையைத் தாண்டும் முன்பே அந்த அம்மாள், இது இடப்பக்கம் இழுக்கிறதே, தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறியை மாற்றினீர்களா என்று கேட்டார். என் கணவர் அதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். எங்கே மணல் திட்டு இருக்கிறது, எந்த இடத்தில் நீரோட்டம் திருகும், எந்தக் கம்பத்தைப் பார்த்துத் திருப்பவேண்டும் என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வழியில் நான் இருபத்திரண்டு வருடம் போய் வந்திருக்கிறேன். அங்கே மணல் திட்டு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்று சாப்பிடும்போது அவர் அந்தப் பேச்சைவிட்டு வேறு பேச்சு பேசவில்லை. "அந்தம்மா கை பட்டதும் படகு எப்படி அடங்கிப் போச்சு பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். குழம்பில் உப்பு போட மறந்திருந்தேன், அவர் அதைக் கவனிக்காமலே சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு விலை பேசி முடிந்தது. படகு கைமாறும் வரை சாவி தரகரிடம் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டோம். அப்படிக் கொடுத்த பிறகும் என் கணவர் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு துறைக்குப் போய், மேற்படி கேப்டனம்மாவுக்கு வழி காட்டிக் கொடுத்து வந்தார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ போகும். திரும்பி வரும்போது இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தபடி பையில் இருக்கும். வீட்டில் அவர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

அவர்கள் இருவருக்கும் தவறான பழக்கம் உண்டா என்று விசாரணையில் கேட்கப்பட்டது. இல்லை. இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழவாவது ஒரு வழி இருந்திருக்கும். சுக்கான் பிடிக்க விட்டார் என்று யாரிடம் போய் அழுவது? கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆகையால் நான் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி அவர் தூக்கத்தில் வலது கையை லேசாக அசைப்பார், அது படகைத் திருப்பும் அசைவு. அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அதன் பிறகு, சம்பவம் நடந்த அன்று காலை, என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் தரகரின் அறைக்குத் தனியாகச் சென்றேன். படகின் அடியில் விரிசல் இருக்கிறது, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னேன். அது பொய். வியாபாரம் கெடட்டும் என்றுதான் சொன்னேன். தரகர் சிரித்தார். "தங்கச்சி, அந்தம்மா படகுக்கு அடியில முங்கியே பாத்துட்டாங்க" என்றார். பிறகு, நீங்கள் வந்ததும் நல்லதாய்ப் போயிற்று, அவர்களுக்கு உங்கள் பழைய உறை எதுவும் வேண்டாமாம், எல்லாம் நீல ரெக்சினில் புதிதாக வேண்டுமாம், அளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார். நான் சாவியைத் திருடியதாகப் புகாரில் இருப்பது சரியல்ல.

நான் அளவு எடுக்கத்தான் போனேன். பின் இருக்கையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தேன். கடைசியில் சுக்கானுக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டுகிறவர் இருக்கை. அதன் உறை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், அது என் கணவர் சாய்ந்து உட்காரும் பக்கம். அளவு எடுப்பதற்காக அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு கயிற்றை அவிழ்த்தேன். சாவியைத் திருகினேன். எந்தக் கம்பியைத் தள்ளினால் எந்தச் சத்தம் வரும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்ததால் என்ஜின் முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. படகு நகர்ந்தது. சுக்கானின் அதிர்வு உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறியது. அது அப்படி ஏறும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. வரிசையாகக் கட்டியிருந்த படகுகளில் எதிலும் இடிக்காமல் வெளியே வந்து, நடு ஓட்டம் வரை போனேன். அங்கே வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. நான் அழவில்லை, கண் கூசியதால் தண்ணீர் வந்தது.

கரையில் ஆட்கள் கூடுவதும், என் கணவர் மருந்துப் பையோடு ஓடி வருவதும் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதன் பிறகு நான் படகைத் திருப்பித் துறையைப் பார்த்து வந்தேன், வேகம் குறைக்கத் தெரியவில்லை. அப்போது மேற்படி கேப்டனம்மாவும் தரகரும் வேறொரு படகில் என் பக்கத்தில் வந்தார்கள். அந்த அம்மாள் கத்தவில்லை. "அக்கா, சுக்கானை வலப்பக்கம் தள்ளுங்க, படகு இடப்பக்கம் வரும்" என்றார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்றார். அவர் சொன்ன காரணத்தினாலேயே நான் இடப்பக்கம் தள்ளினேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளவும்.

அதனால் என் படகு அவர்கள் படகை உரசியது. தரகர் சுக்கானைப் பிடுங்குவதற்காக என் படகுக்குத் தாவினார், கால் தவறி இரண்டு படகுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தார். அந்த அம்மாள், "நியூட்ரல் போடுங்க, விசிறி அவரை வெட்டிடும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் கட்டுப்பட்டேன், கம்பியை நடுவுக்கு இழுத்தேன். அந்த அம்மாள் தரகரைச் சட்டைக் காலரோடு தூக்கித் தம் படகில் போட்டார். தரகருக்கு மணிக்கட்டு முறிந்தது. என் படகு ஓடி வந்த வேகத்தில் துறைக் கம்பத்தில் மோதி, முன்பக்கப் பலகை ஒன்று பிளந்தது.

என் கணவர் படகில் ஏறினார். பிளந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கேப்டனம்மாவைப் பார்த்து, இது ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டார். என் நெற்றியில் வீங்கியிருந்ததை முதலில் பார்த்தது அந்த அம்மாள்தான். அவர் தம் துண்டை நனைத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

அதன் பிறகு எங்கள் எல்லோரையும் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். வராந்தா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்தார். பலகைக்கு நான் புகார் கொடுக்கப்போவதில்லை, படகை எப்படியும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதன் பிறகு, "அந்த நெருக்கடியில ஒண்ணுலயும் இடிக்காம வெளிய எடுத்தீங்களே, யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். அவர் திரும்பி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மருந்துப் பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. "படகு ஓட்டத் தெரியாத காரணத்தால், தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டேன்" என்பது அந்த வரி. அதைச் சேர்க்கச் சொன்னது என் கணவர். நான் அடிக்கச் சொன்னேன். கதவருகில் நின்றிருந்த அவர், "இருந்துட்டுப் போகட்டும்மா, கேஸ் லேசாயிடும்" என்றார். நான் அதிகாரியிடம், "ஓட்டத் தெரியாதுங்கறது சரி சார். எடுத்தது தெரிஞ்சுதான்" என்றேன். அதன்படி மேற்படி வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது.

மீதி எல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

(ஒப்பம்)