கயிற்றின் இந்த முனை

சங்கீத நாற்காலிப் போட்டியில் எங்கள் தலைமையாசிரியர் சாரங்கபாணி சாரின் மனைவி அழுகுணி ஆட்டம் ஆடித்தான் முதல் பரிசு வாங்கினார். பாட்டு நிற்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். மைக்செட் அல்லா பிச்சை அதை ஒலிபெருக்கியிலேயே போட்டு உடைக்க, ஊரே சிரித்தது. அவரும் பரிசுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம் இன்ஸ்பெக்டர் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

1987 மே மாதம். எங்கள் ஊர் மம்சாபுரத்துக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கம். அப்போது எட்டாவது வரைதான் பள்ளி. அதற்கு மேல் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போகவேண்டும். பையன்கள் சைக்கிளில் போவார்கள். பெண்பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டப் போவார்கள். என்னோடு எட்டாவது முடித்த பதினோரு பெண்களில் மேலே படித்தவள் நான் ஒருத்தி. அதற்குக் காரணம் என் மூளை இல்லை, என் அண்ணன் பால்ச்சாமி.

அவன் ஊர் ஊராகப் போய் மைதானத்தில் நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவன். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. கடைசி நாள் குழிக்குள் படுத்துக்கொண்டு மேலே பலகை அடுக்கி மண்ணைப் போட்டு மூடச் சொல்வான். இரண்டு மணி நேரம் கழித்துத் தோண்டினால் எழுந்து கும்பிடுவான். ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவார்கள். அந்த நோட்டில்தான் நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். கல்லூரியில் யாராவது கேட்டால், அண்ணன் மில்லில் வேலை பார்க்கிறான் என்று சொல்வேன்.

ஊருக்கே டீச்சராக வந்த பிறகு உயர்நிலைப் பள்ளிக்காக அலைந்தேன். இரண்டு வகுப்பறையை ஊரார் கட்டித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள் கல்வி அலுவலகத்தில். கோயில் கொடைக்குக் கேட்காமலே கொடுக்கிற ஊர், என்னிடம், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு? நீ படிச்சு என்னத்தக் கண்ட?" என்றது. படிப்புக்குத் தராதவர்கள் வேடிக்கைக்குத் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விழா. சாக்கு ஓட்டம், மெதுசைக்கிள், உறியடி. ஐந்து நாளும் அண்ணன் சைக்கிள் சுற்றினான். ஜரிகைத் தாள் ஒட்டிய சட்டையில் அவனைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் கடைசி நாள் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஜனங்களுடைய ஆர்வத்தைப் பார்த்துவிட்டு அறைகளைப் பற்றி முடிவு சொல்வாராம். அவர் கண் முன்னால் அண்ணன் மண்ணிலிருந்து எழவேண்டும் என்று நான்தான் திட்டமிட்டேன். எங்கள் பக்கத்தில் சிறப்பு விருந்தினர் வராமல் குத்துவிளக்குகூட ஏற்றமாட்டார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்று மயங்கி விழும். அந்த வழக்கத்தை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டியவள் நான்.

இரண்டு மணிக்கு அண்ணன் குழியில் இறங்கினான். மண்ணுக்குள்ளிருந்து, கயிறு மட்டும் இறுக்கமாக நுழைகிற ஒரு மூங்கில் குழாய் வழியாகக் கயிறு வெளியே வரும்; காற்றுப் போகாது. ஒரு முனை அவன் மணிக்கட்டில். இன்னொன்று மேலே நிற்கிறவர் கையில்.

"ஏட்டி, கயிறு ஒங் கையிலதான் இருக்கணும். வேற எவனும் பயந்துபோயி பொசுக்குனு தோண்டிருவான். நான் ரெண்டு இழுப்பு இழுத்தா எடு."

"நான் இழுத்தா?"

"நீ ஒண்ணு இழுத்தா, நீ பொறுக்கச் சொல்லுதன்னு எடுத்துக்கிடுதேன்."

குழியின் நீள அகலத்தை முதல் நாளே அளந்திருந்தேன். உள்ளே இருக்கும் காற்று இரண்டே கால் மணி நேரத்துக்கு வரும். மிஞ்சிப் போனால் இரண்டரை. நான் வேதியியல் படித்தவள், கணக்கில் பிழை இல்லை.

நான்கு மணிக்குக் கார் வரவில்லை. நாலேகாலுக்கு அண்ணன் மனைவி சீனித்தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குருவம்மா, நேரம் ஆயிருச்சு. எடுக்கச் சொல்லு."

"செத்த நேரம் பொறுங்க மதினி. கார் மம்சாபுரம் தாண்டிருச்சாம்."

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அல்லா பிச்சை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மனசு கேட்கவில்லை, எடுத்துவிடலாம் டீச்சர் என்றார். பாட்டுப் போடச் சொன்னேன். போட்டார்.

நாலு ஐம்பதுக்குக் கார் வந்தது. மாலை போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைக்க ஆறு நிமிடம். பிறகுதான் மண்வெட்டியை எடுக்கச் சொன்னேன். அண்ணன் ஒருக்களித்துக் கிடந்தான். வித்தையில் அதுவும் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சீனித்தாய் குழிக்குள் குதித்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

முதலாளி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் கேட்டது இரண்டு அறை. நான்கு கட்டிக் கொடுத்தார். இந்த வருஷம் எங்கள் பள்ளியில் இருபத்து மூன்று பெண்கள் பத்தாவது எழுதினார்கள்.

உங்கள் ஸ்டேஷன் காகிதத்தில் விபத்து என்று இருக்கும். கயிறு அசையவே இல்லை என்று என் வாக்குமூலமும் இருக்கும். ஆறு வருஷமாக யாரும் என்னைக் கேட்கவில்லை, சீனித்தாயைத் தவிர. அவள் இப்போது எங்கள் பள்ளியில் ஆயா. ஒவ்வொரு மே மாதமும் கேட்பாள். நான் இல்லை என்பேன். போன வாரம் வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒரு தடவகூடவா இழுக்கல? எங்கள நெனச்சுக்கூடவா அந்த மனுசனுக்குக் கை வரல?"

அண்ணன் மேல் அவளுக்கு வெறுப்பு வந்துகொண்டிருக்கிறது சார். அது என்னால் தாங்கமுடியவில்லை. அதற்குத்தான் வந்தேன்.

இழுத்தான். நாலு பத்துக்கு, இரண்டு இழுப்பு. கயிறு என் உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டு போனது. சேலை முந்தானைக்குள் கை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. நான் சாலையைப் பார்த்தேன். புழுதி தெரியவில்லை. ஒரு இழுப்பு இழுத்தேன்.

கயிறு தளர்ந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பான். அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்கும் வேண்டியிருந்தது. இல்லையென்றால் இன்னொரு தரம் இழுத்திருப்பான்.