மறுசேதி

படத்துக்கு எத்தனை மார்க்குங்கறது கெடக்குதுங்ணா, மொதல்ல மைக்கை இக்கட்டக் கொண்டாங்க. இப்ப அழுதுட்டே பேசிட்டுப் போனானே, செகண்ட் ஆப் பூரா கண்ணு நனைஞ்சு போச்சுன்னு, அவன் எங்க நவீன்குமாருதான். நல்ல பையன். சோப்பு வெளம்பரத்துக்கும் அழுவான். அவன் சொன்னதை மட்டும் புடிச்சுட்டு நீங்க பொட்டியக் கட்டுனா எப்புடி? வேலந்தாவளத்துல இருந்து பஸ்ஸேறி மொத ஷோவுக்கு வந்திருக்கறோம். ரெண்டு பக்கமும் கேக்கோணுமல்ல?

ஒரே வார்த்தையிலயா? ஒரே வார்த்தையில சொன்னா நீங்க அது மேல பீப் சத்தம் போடோணும். பரவால்லைங்களா?

சிரிக்காதீங்க. அதா, கேட்டுக்கு மேல பிளெக்ஸ் தெரியுதா? கொரலரசன் நடராசு அண்ணன் வரலாறு காணத் திரண்டு வாரீர்னு. கீழ வரிசையா மூஞ்சி இருக்குதல்ல, அதுல கூலிங் கிளாஸ் போட்ட மூஞ்சி நாந்தான். கௌசிகா எம்.ஏ.ன்னு போட்டிருக்கறான். இன்னும் முடிக்கலீங்க, கோயமுத்தூர்ல படிச்சுட்டுத்தான் இருக்கறேன், வரலாறு. பிளெக்ஸ்காரன் அவனாவே பட்டங் குடுத்துட்டான். எதுக்குச் சொல்றேன்னா, இந்தப் படத்தைத் திட்டோணும்னு கெளம்பி வந்தவ இல்லை நானு. இதுக்காக ஊர்ப்பட்ட சண்டை போட்டவ. நடராசு அண்ணன் ரசிகர் பக்கத்தை நடத்தறதே நாந்தான். எங்க ஊட்ல காலையில அடுப்புப் பத்த வெக்கறதே அவரு பாட்டுலதான். படம் ஆரம்பிச்சாங்கன்னு தெரிஞ்சதுல இருந்து, அவரு கூட ஜோடியாப் பாடற ஷீலாமணி அக்கா ரசிகருங்களோட மல்லுக்கட்டு. எங்க அண்ணன் வேசத்துக்கு ஆரு, உங்க அக்கா வேசத்துக்கு ஆருன்னு. பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இத்தனை கொறை சொல்ல மாட்டாங்க. ஹீரோவுக்கு மூக்கு சரியில்லைன்னு எழுதுனதுக்கு அவன் ரசிகனுக என்னை எருமைங்கறானுக. மாட்டுச்சந்தை ஊர்க்காரிகிட்டப் போயி எருமைன்னா அது மரியாதைடான்னேன்.

அவங்க கதை உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியாதில்ல. படம் பாத்துட்டுத் தெரியும்னு நெனச்சுட்டிருப்பீங்க, அதுதான் ஆபத்து. கேளுங்க. நடராசு அண்ணன் சினிமாவுக்குப் போறதுக்கு முந்தி இந்தப் பக்கம் கோயில் நோம்பிக்கு நோம்பி கானமேளா, அதா மேடைக் கச்சேரி, பாடிட்டிருந்தவரு. ஷீலாமணி அக்கா பொறவு வந்தவங்க. மொதல்ல கூடப் பாடுனது ராசம்மாள்னு ஒருத்தங்க. நல்ல ஒசரம். அண்ணன் குள்ளம். பாடறதுக்குன்னு இருந்தது ஒத்தை மைக்கு. அதை அவரு வாய்க்குத் தக்கன வெச்சுட்டா, ராசம்மா என்ன பண்ணோணும்? பாட்டு முடியற வரைக்கும் சேலைக்குள்ள முட்டியை மடக்கிட்டே நிக்கோணும். உக்காந்த மாதிரியுமில்லை, நின்ன மாதிரியுமில்லை. பாக்கற சனத்துக்குத் தெரியாது, சேலை மறைச்சுரும். என்னா ஒரே ஒசரம், என்னா ஜோடிப் பொருத்தம்னு பேசிக்குவாங்களாம்.

படத்துல என்ன பண்ணி வெச்சிருக்கறாங்க பாத்தீங்கல்லோ? ஹீரோ ஆறடி. ராசம்மாவா நடிச்ச புள்ளை அவரு நெஞ்சுக்கு வருது. இவரு மைக்கை எறக்கி வெச்சு, அவளுக்காகக் குனிஞ்சு பாடறாரு. தியேட்டரே உச்சுக் கொட்டுது. போஸ்டரும் அதே. முட்டி தேஞ்சது ஒருத்திக்கு, குனிஞ்ச பேரு இன்னொருத்தருக்கு!

ம்? சினிமான்னா அப்புடித்தான்னா? கற்பனைன்னு போட்டிருந்தா நான் வாயே தொறக்க மாட்டேனுங்ணா. உண்மைக் கதைன்னு மொத எழுத்தே போட்டாங்கல்லோ, அதுக்கு விசிலடிச்சதே நாந்தான். பேரை மாத்திக்க, ஊரை மாத்திக்க, அப்புறம் ஆரை வேணா குனிய வெச்சுக்க. நெசம்ங்கற பேரும் வேணும், பொய்யோட சவுகரியமும் வேணும்னா? எங்கூருக் கேரளா பார்டருக்கு ரெண்டு பக்கமும் ரேசன் கார்டு வெச்சிருக்கறாப்புல. புடிச்சா ஒண்ணைப் புடுங்கிருவாங்க.

நாங்க அத்தனை பேரும் காத்துக் கெடந்தது ஒரு சீனுக்குத்தானுங்க. முதலமடை. மாங்கா சீசன், லாரி மேலயெல்லாம் ஏறி உக்காந்து சனம் பாத்த கச்சேரி. சினிமாவுக்குப் பாடறவங்களைத் தேடி ஆளு வந்து முன்னால உக்காந்திருக்குது. நோட்டீஸ்ல நடராசு பேரு மட்டும். எம்பேரு எங்கீங்கன்னு ராசம்மா கேட்டிருக்கறாங்க. ஜோடின்னா ஒரு பேரு போட்டாப் போதும் ராசு, இன்னொண்ணு தன்னால தெரியும்னு சொல்லிட்டாரு. அவங்க மேடையேறுனாங்க, பாட்டெடுத்தாங்க. நடுப் பாட்டுல முட்டியை நிமுத்துனாங்க. மைக்கைத் தன் வாய்க்குத் தக்கன ஒசத்தி வெச்சுட்டு நேரா நின்னாங்க. அவ்வளவுதான். அவரு கட்டை வெரல்ல எக்கி எக்கிப் பாடறாரு. மாந்தோப்பே சிரிச்சுது. அடுத்த நோம்பிக்கு அவரு கூட நின்னது ஷீலாமணி அக்கா. அவங்க அவரை விட ஒரு வெரக்கடை கொறச்சல்.

அந்தச் சீன் வந்தா அண்ணன் சின்னவராத் தெரிவாருன்னு எங்காளுங்களே பயந்தாங்க. நாந்தான் எழுதுனேன். எக்கிப் பாடியும் சுருதி வெலகல பாருங்கப்பா, அதுதான் எங்க அண்ணன், அதைக் காட்டட்டும்னு. நம்புனேனுங்ணா. எங்க அண்ணனுக்கு அந்தத் தெம்பு இருக்கும்னு நம்புனேன்.

வந்துதா அது? அதே மேடையில ராசம்மா இருமறாங்க. கைக்குட்டையில ரத்தம். அவரு மடியில விழுந்து, ஷீலாமணி கையைப் புடிச்சு, இனிமே என் கொரல் நீதான்னு சொல்லிட்டுப் பொட்டுனு செத்துப் போறாங்க. அடுத்தாப்புல செவுத்துல போட்டோ, மாலை, செவப்பு பல்பு. அந்தப் போட்டோவை உத்துப் பாத்தீங்களா? நடிச்ச புள்ளையோட போட்டோ இல்லீங்க அது. நெசமான ராசம்மா போட்டோ.

எப்புடித் தெரியும்னா? குடுக்கறப்ப நான் பக்கத்துல இருந்தேனல்லோ. உதவி டைரக்டர்னு ஒருத்தர் வந்தாரு. ஒல்லியா, பவ்யமா. ராசம்மா கோழிக்கொழம்பு வெச்சுப் போட்டாங்க. தின்னு கை கழுவிட்டு, முட்டியை மடக்கி எப்புடி நிப்பீங்க, காட்டுங்கம்மான்னாரு. காட்டுனாங்க. அப்புறம் நிமுர முடியாம செவுத்தைப் புடிச்சுத்தான் நிமுந்தாங்க. அவரு செல்லுல புடிச்சுட்டாரு. மேடையில எடுத்ததுன்னு அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரு போட்டோ. அதையும் வாங்கிட்டு, உங்க படம் நம்ம படத்துல வரும்மான்னு சொல்லிட்டுப் போனாரு. வந்துது. மாலையோட வந்துது.

ஏனுங்ணா அப்புடி முழிக்கறீங்க? சாகலீங்க. இருமலுமில்லை ரத்தமுமில்லை. முட்டி வலி மட்டுந்தான். சென்னையில பாட்டு வெளியீட்டுல அண்ணன் மைக்கைப் புடிச்சு, எல்லாம் நடந்தது நடந்தபடின்னாரே. அவரு அம்மா எழவுக்கு ராசம்மா போயிட்டு வந்தாங்க. அவரு கையால டீ வாங்கிக் குடிச்சுட்டு வந்தாங்க. அவருக்குத் தெரியாதுங்கறீங்களா ஆளு இருக்குதா இல்லையான்னு? அதுதானுங்ணா எனக்கு ஆற மாட்டேங்குது. டைரக்டர் ஆரோ. ஆனா அண்ணன்?

நவீன்குமாரு அழுதான்னு சொன்னேனல்லோ. ஆருக்கு அழுதான் தெரியுமா? பக்கத்து சீட்டுல ஆளு முறுக்குக் கடிச்சுட்டு உக்காந்திருக்குது, இவன் திரையைப் பாத்து அழறான். நீங்க உசுரோட இருந்திருக்கலாம்னு அவங்ககிட்டயே சொல்றான், லூசுப்பய.

ஆமாங்க, வந்திருக்கறாங்க. லைட்டுப் போட்டதும் நான் எந்திரிச்சுக் கத்தப் போனேன். அவங்க என் கையைப் புடிச்சு, உடு அம்மிணி, காக்கா தட்டுச்சுன்னு நெனச்சுக்கறேன்னாங்க. உங்களுக்கு அது தெரியுமா? காக்கா தலையில தட்டிருச்சுன்னா தோசம்பாங்க. ஆளு செத்துப் போச்சுன்னு ஒறம்பரைக்குப் பொய்யா எழவு சொல்லி உடுவாங்க. அவங்க ஒரு மூச்சு அழுதா தோசம் போயிரும், ஆயுசு கெட்டி. இத்தனை பேரு எனக்காக அழுதாங்களே, நூறு வருசம் இருப்பேன்டின்னு சிரிக்கறாங்க.

எனக்குக் காக்காயுமில்லை தோசமுமில்லைங்க, இதையெல்லாம் நம்பறவ இல்லை. ஆனா அந்தப் பழக்கத்துல ஒரு நேர்மை இருக்குதுங்ணா. பொழுது எறங்கறதுக்குள்ள மறுசேதி சொல்லியாகோணும். ஆளு நல்லா இருக்குது, ஆரும் அழுவ வேண்டாம்னு. பொய்யச் சொன்னவனேதான் சொல்லோணும். சென்னையில இருந்து ஆரு சொல்லப் போறாங்க? அதுக்குத்தான் இந்த வெயில்ல உங்களை மறிச்சுட்டு நிக்கறேன்.

எங்கீங்களா? அதா, கடையோரத்துல பப்ஸைப் பிச்சு நவீன்குமாருக்குப் பாதி குடுத்துட்டிருக்கறாங்களே, பச்சைச் சேலை. எங்கம்மாதானுங்க.

அம்மா! இக்கட்ட வா. அட, பாடவெல்லாம் வேண்டாம், பேரை மட்டுஞ் சொல்லு போதும். வாயத் தொடைச்சுக்க. இப்புடி நில்லு... பாத்தீங்களா, மைக்கைக் கண்டதும் முட்டியை மடக்குது. மடக்காதம்மா. நேரா நில்லு. அண்ணா, நீங்க கையைத் தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். எட்டலியா?

எக்குங்க.