படுத்து மிதிக்கும் வண்டி

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து. முன் சீட்டில் மைத்துனர்கள் இருவர். இளையவர் கேட்டார்: "படுத்துக்கிட்டே மிதிக்கிற சைக்கிளுங்களா மச்சான்?"

உட்கார்ந்து மிதித்தாலே மூச்சு வாங்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

மச்சான் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார்.

"முதுகு ஆப்பரேசனுக்கப்பறம் குனிஞ்சு ஓட்டப்படாதுன்னுதான் மாப்ள டாக்டர் சொன்னாரு. படுத்து ஓட்டப்படாதுன்னு சொல்லலியே. நெட்டுல வரைபடம் எடுத்தேன். பிரேமுக்குக் கார்பன் துணிய ரெசின் பசைல நனைச்சு அச்சுல ஒட்டிப்போட்டேன்."

"அத ஓவன்ல வெச்சுச் சூடு பண்ணோணுமாமே?"

"நம்மூரு சித்திரை வெயிலு எதுக்கு இருக்குது? மொட்டமாடில கெடந்து கல்லாட்டம் இறுகிருச்சு."

"பட்டறைக்குத்தான் உங்கள அக்கா ஸ்கூட்டர்ல கொண்டாந்து உடுதுங்களே."

"மூட்டையாட்டம் எறக்கி வெச்சுட்டுப் போறா. போதும் சாமி. திங்கக்கெழமையிலிருந்து நானே போவேன்."

"நீங்க மல்லாந்து, காலை முன்னால நீட்டிக்கிட்டு ரோட்டுல வந்தா, பாடை வருதுன்னு சனம் ஒதுங்கி நின்னு செருப்பக் கழட்டுமுங்க."

மச்சான் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.

"கழட்டட்டும். நான் பெல் அடிச்சதும் மாட்டிக்குவாங்க."