ஒரு சாண் எச்சா

பார்சல்ல துணிதான் கண்ணு, வெறுந்துணி. பிரிச்சுக் காட்டோணும்னா காட்டறேன். பாத்துக்க. மறுபடி நான் மடிச்ச மாதிரியே மடிச்சு வெக்கோணும், ஆமா.

பாவாடையேதான். ராப் ஸ்கர்ட்டுன்னு இப்பப் பேரு வெச்சிருக்கறாங்க. எங்கூட்டுக்காரரு கட்டற லுங்கிக்கு ரண்டு பக்கம் நாடா வெச்சா அதுதான் ராப் ஸ்கர்ட்டு. இதுக்கொரு பேட்டர்னு, அதுக்கொரு வீடியோ, அதப் பாக்கறதுக்கு ஊரு ஒலகமெல்லாம் கூட்டம்.

நாந்தான் தச்சேன், ஊட்டு மிசின்ல. நல்லாருக்குதா? நல்லாத்தான் இருக்கும். அந்த வீடியோக்காரி சொன்னபடி தச்சிருந்தா கரித்துணிக்குக்கூட ஆயிருக்காது.

அவளேதான், தம்மம்பட்டி மதுமதி. நீயும் பாக்கறயா? வேற சோலி இல்லையாட்டருக்குது உனக்கு. சரி, பாத்தவதானே, நீயே சொல்லு. காட்டன் துணிய வெட்டறதுக்கு முந்தி தண்ணில நனைச்சுக் காயவெக்கோணுமா வேண்டாமா? ஒருக்காத் தொவைச்சாச் சுருங்குமல்ல? அதச் சொல்ல வாயில்ல, வணக்கம் பிரண்ட்ஸுன்னு பல்லக் காட்ட மட்டும் வாயிருக்குது. பாவு நூலு எந்தப் பக்கம் ஓடுது, குறுக்கால ஊடை நூலு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்காமக் கத்திரியப் போடறா. தறி ஓடற ஊட்டுல பொறந்தவ வெட்டற வெட்டா அது?

எப்படித் தெரியும்னா? பேச்சுல தெரியாதா. நீ எடையப் போடு.

அவ வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கற பேட்டர்னக் கேளு, துணி மேல வெச்சு வெட்டற அளவுத் தாளு. பக்கத்தூட்டு அபிநயாகிட்டச் சொல்லி ஜெராக்ஸ் கடைல எடுத்துட்டு வரச் சொன்னேன். அந்த மகராசன் தாளுக்குள்ள அடங்கோணும்னு சுருக்கி அடிச்சுட்டான். சோத்துப் பசை போட்டு எல்லாத் தாளையும் ஒட்டிப் பாக்கறேன், கைப்புள்ளைக்குக்கூட எட்டாது. மூலைல ஒரு கட்டம் போட்டிருக்கறா, அது ரண்டு இஞ்சு இருக்கோணுமாமா. டேப்ப வெச்சா ஒண்ணரைகூட வரல. அத அளந்து பாத்துட்டு வெட்டுங்கன்னு வீடியோவோட கடைசில வந்து சொல்றா. வெட்டுனதுக்கு அப்பறம் சொல்லி என்ன, சொல்லாட்டி என்ன? தூக்கி வீசிப்போட்டு நியூஸ் பேப்பர்ல நானே வரஞ்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு. இடுப்புப் பட்டில நாடா நொழைஞ்சு வர ஒரு ஓட்டை வேணும். இவ கத்திரியால கீறி அப்படியே உட்டுட்டா. சுத்தியும் காஜா எடுக்க வேண்டாமா? நாலு தடவை இழுத்தா நாராக் கிழிஞ்சு போகும்.

என்ன சொன்ன? அவளுக்குத் தைக்கவே தெரியாதா? நீ எத்தனை பாவாடை தச்சுக் கிழிச்ச? ஊசில நூல் கோக்கத் தெரியுமா உனக்கு? ஒத்தப் புள்ள, தானே வெட்டித் தானே தச்சு, தானே படமும் புடிச்சுப் போட்டுப் பொழைக்கறா. ஒரு நாளு ஆருகிட்டயாவது போயி நின்னிருப்பாளா? நான் சொல்றேன்னா எனக்குத் தொழில் தெரியும், சொல்றேன். நீ சொல்லாத.

அவளுக்கே எதுக்கு அனுப்பறேன்னா கேக்கற? கேப்பீன்னு தெரியும். அந்தப் பாவாடைய மொதமொதல்ல கட்டிக் காட்டுனாளே, மேல சுத்தி வர்ற மடிப்பு எது வரைக்கும் வந்துச்சு? அந்தப் பக்க இடுப்பு வரைக்கும். பொங்கல் நோம்பிக்கு அதையே கட்டியிருந்தா, பாதிதான் வந்துச்சு. போன வாரம் பாத்தயா? கையகலம் இருந்தாப் பெருசு. காத்தடிச்சா என்ன ஆவறது? துணி சுருங்கிப் போச்சு பிரண்ட்ஸுன்னு சிரிக்கறா. நம்புவாங்க, உன்னையாட்டப் புள்ளைங்க. துணி சுருங்குனாச் சுத்தியும் சுருங்கோணுமல்ல? இது முன்னால மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது, பின்னால அப்படியே கணுக்கால்ல கெடக்குது.

மாசமா இருக்கறா சாமி. அஞ்சு இருக்கும், ஆறாவும் இருக்கும்.

அதுதான் மடிப்பு ஒரு சாண் எச்சா வெச்சிருக்கறேன். துணி ரண்டு தடவை நனைச்சது. முடிச்சு வவுத்து மேல உக்காந்து உறுத்தாம இடுப்போரமா வர்ற மாதிரி ஓட்டையத் தள்ளி வெச்சேன். காஜாவத் தொட்டுப் பாரு. ஒம்பதாம் மாசம் வரைக்கும் கட்டலாம், புள்ள பொறந்ததுக்கு அப்பறம் இறுக்கியும் கட்டலாம். இதச் சொல்லித் தர அங்க ஆளில்ல. மாமியாக்காரி போய்ச் சேந்துட்டாளாமா.

வெலாசம் அவளே வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கறாளே, ஆர்டருக்குன்னு. அதையே எழுது.

அனுப்பறவங்க பேரா? கட்டாயம் வேணுமா? எம்பேரு வேண்டாம். அர்த்தநாரின்னு எழுது, திருச்செங்கோடு.

ஆரா? லுங்கி கட்டறாருன்னு சொன்னேனே, அவருதான். அவளப் பெத்த அப்பன். மக வேத்துச் சாதில கட்டிக்கிட்டான்னு, அந்தப் பேர ஊட்டுல ஆரும் எடுக்கக்கூடாதுன்னு நாலு வருசமாச் சட்டம் போட்டு வெச்சிருக்கற பெரிய மனுசன். நானும் எடுக்கறதில்ல. போன மாசம் தறிக்குடோனுக்குக் காப்பி கொண்டுட்டுப் போறேன், தறியெல்லாம் நிறுத்திப்போட்டு மூலைல உக்காந்து போனக் காதுல வெச்சுக்கிட்டிருக்கறாரு. என்னக் கண்டதும் மடில கவுத்துட்டாரு. வணக்கம் பிரண்ட்ஸுன்னு மடிக்குள்ள இருந்து அவ குரலு கேக்குது. அப்படித்தான் எனக்கே இந்த வீடியோ தெரியும்.

போன் நெம்பரும் அவருதே போட்டுக்க. பார்சல் கைக்குச் சேந்துச்சுன்னா மெசேஜ் வருமல்ல? அவருக்கே வரட்டும். மது வாங்கிக்கிட்டான்னு படிச்சுப்போட்டு மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறாருன்னு நானும் பாக்கறேன்.